கல்மேல் ஒரு கால்

ஜூலை 4, சனி

தூறல். பால்கனிக் கொக்கியில் சைக்கிள் ஃப்ரேம் மட்டும் தொங்குகிறது. சக்கரம், ஹேண்டில்பார், சீட் எல்லாம் கழற்றி அட்டைப்பெட்டியில், கட்டிலுக்கடியில். மொத்தமாக விற்பதாகத்தான் நேற்று முடிவு. காலையில் மாறிவிட்டது. ஒரே தடவையில் அத்தனையையும் தூக்கிக் கொடுக்கத் தெம்பில்லை.

காரணம், வலது முட்டி. எனக்கு ஐம்பத்து மூன்று, அதற்கு எழுபது. பிசியோதெரபி அம்மாள் போன வாரம் சொன்னது: நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மட்டும் இனி கூடாது. நீச்சல் தெரியாது என்று சொல்ல வெட்கம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மனைவி மாலதி துணி காயப்போட வந்தாள். ஃப்ரேமின் மேல்குழாயில் என் பனியனைப் போட்டாள். "இப்பத்தான் இது வீட்டுக்கு உபயோகமா இருக்கு."

ஈரக் குழாயில் வெளிச்சம். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த முக்கோணத்துக்குள் தளி ரோடு தெரிகிறது. ஆனேக்கல் தாண்டியதும் காற்று மாறும். ராகி வயல், புளியமரம், தூரத்தில் யாரோ ஒருவருடைய வானொலி. மாலதி மூன்றாவது தடவை கூப்பிட்டது காதில் விழுந்தது.

ஜூலை 5, ஞாயிறு

விளம்பரம் எழுதினேன். முதல் வடிவம்: "நல்ல குணம். அதிகம் பேசாது. நீண்ட தூரம் உடன் வரும்." மாலதி படித்துவிட்டு, "பொண்ணு குடுக்கறீங்களா, இரும்பு விக்கறீங்களா?" என்றாள். அழித்தேன்.

இறுதி வடிவம்:
– டூரிங் ஃப்ரேம், ஸ்டீல், பச்சை. நன்றாக உழைத்தது.
– கீழ்க்குழாயில் சின்னப் பள்ளம். (தேன்கனிக்கோட்டை. எருமை. தப்பு என்னுடையது. இதைப் போடவில்லை.)
– பின்னால் பை உரசிய இடத்தில் பெயிண்ட் கிடையாது.
– விரிசல் இல்லை.
– விற்கக் காரணம்: வீட்டில் இடமில்லை. (பொய்.)

கூடவே பழைய பயணப் படங்கள் நாலு. ராமேஸ்வரம், புதுச்சேரி, ஏற்காடு, இன்னொன்று எங்கே என்று நினைவில்லை. நாலிலும் சைக்கிள்மேல் நான், இடது கால் மைல்கல்லின்மேல், நெஞ்சு முன்னால். ராஜா போஸ். சிலைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேனா என்று மாலதி கேட்டாள்.

ஜூலை 7, செவ்வாய்

மேகம். மூன்று அழைப்பு. ஒருவர் சக்கரம் எங்கே என்றார். ஃப்ரேம் மட்டும்தான் என்றேன். "சக்கரம் இல்லாம எப்படி சார் ஓடும்?" நியாயம்தான். இன்னொருவர் மோட்டார் பொருத்தலாமா என்றார். போனை வைத்துவிட்டேன்.

மூன்றாவது, காக்ஸ் டவுனிலிருந்து ஒரு பி.டி. டீச்சர். பெயர் ஸ்டெல்லா. சனிக்கிழமை வருகிறார். டேப் எடுத்து வருவாராம்.

கீழ்வீட்டுச் சந்திரம்மாவிடம் முட்டிக்காக விற்கிறேன் என்று மதியம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தெருவில் எனக்கு பைபாஸ் ஆகிவிட்டது. இளநீர்க்காரர் காசு வாங்க மறுத்தார். மறுக்காமல் குடித்தேன்.

ஜூலை 9, வியாழன்

அலுவலகத்துக்கு லீவு. சாப்பிட்டுவிட்டுப் படுத்ததில் அரைத்தூக்கம். ஃப்ரேம் தானாகவே போகிறது. சக்கரம் இல்லை, ஓட்டுகிறவன் இல்லை, சத்தமும் இல்லை. ஒவ்வொரு மைல்கல் பக்கத்திலும் நின்று யாருக்காகவோ காத்திருக்கிறது. பிறகு போகிறது. நான் பின்னாலேயே நடக்கிறேன், பனியனோடு.

எழுந்து மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைத்தேன். ஏற்கெனவே நேற்றும் துடைத்தாயிற்று.

ஜூலை 11, சனி

ஸ்டெல்லா வந்தார். வாசலில் குனிந்து நுழைந்தார். ஆறடிக்கு விரலளவு குறைவு. எருமைப் பள்ளத்தைச் சீண்டவே இல்லை. குழாய்களை அளந்தார். பிறகு தையல்காரர் மாதிரி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு போனில் அந்த நாலு படங்களை.

"சார், தப்பா நினைக்கக் கூடாது. எல்லா போட்டோலயும் ஒரு கால் கல்லு மேலயே இருக்கே?"

ஸ்டைல் என்றேன்.

"கல்லு இல்லாத எடத்துல எப்படி நிப்பீங்க?"

நிற்க மாட்டேன். ஊருக்குள் நடைபாதை ஓரம், வெளியே மைல்கல், மதகுச் சுவர். பதினைந்து வருடம் இப்படித்தான். ஊர் திரும்பிய ஒரு ஜெர்மன்காரரிடம் வாங்கியது; அவர் ஆறடி இரண்டு அங்குலம், நான் ஐந்தரை. சீட்டை அடிமட்டம் வரை இறக்கியும் பெடல் கீழே போகும்போது கால்விரலால் எட்டித்தான் பிடிப்பேன். பழகிவிடும் என்று நினைத்தேன். பழகியும் விட்டது.

"உங்களுக்கு இது ரெண்டு சைஸ் பெரிசு சார். இத்தனை வருஷம் எட்டி எட்டி மிதிச்சா, முட்டி என்ன பண்ணும்?"

காபி தம்ளரோடு மாலதி நின்றிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லாவுக்கு அளவு கச்சிதம். டிசம்பர் லீவில் தனியாகக் கன்னியாகுமரி, முதல் நீண்ட பயணம். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே நாய் துரத்தும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எருமையையும் சொல்லிவிட்டேன். கைப்பை போல ஃப்ரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் திரும்பினார்.

"எங்க வீட்டுக்காரர் உங்க உயரம்தான். அவர் சைக்கிள் சும்மாதான் நிக்குது. நாளைக்கு வந்து ஒரு ரவுண்டு போய்ப் பாருங்களேன்."

கொக்கியில் பனியன் மட்டும்.

ஜூலை 12, ஞாயிறு

இளவெயில். காலையில் பிசியோ அம்மாளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றார். சீட் சரியாக இருந்தால், மெதுவாக, பத்து நிமிஷம். வலித்தால் இறங்கிவிட வேண்டும்.

கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை மாலதியே வெளியே இழுத்து, தூசி தட்டி வைத்திருந்தாள். அதையும் ஸ்டெல்லாவுக்காக எடுத்துக்கொண்டேன்.

காக்ஸ் டவுன். ஸ்டெல்லாவின் கணவரும் நானும் ஒரே உயரம். சொந்தக்காரர்கள் போலக் கைகுலுக்கினோம். அவர் சைக்கிளில் அல்சூர் ஏரிப் பக்கம் விட்டேன். பெடல் கீழே போனது, காலும் கூடவே போனது. முட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஏரிமேல் பஞ்சு மாதிரி வெளிச்சம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், பார்க்கவில்லை.

சிக்னல். பழக்கதோஷம், இடப்பக்கம் நடைபாதைக் கல்லைத் தேடினேன். அங்கே ஆட்டோ. ஒதுங்க இடமில்லை. பிரேக் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கால் இறங்கியது. ரோடு அங்கேயே இருந்தது.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "கிரீன் சார், ஹோகி" என்று கன்னடத்தில் போகச் சொன்னார்.

இருங்கள், கொஞ்சம் நின்றுகொள்கிறேன்.