கொசுவுக்குப் பசியாற்றும் கை

போர்ட் விலா

லெய்மாராவின் அப்பாவுக்கு வணக்கம். நீங்களும் அத்தையும் குழந்தை லெய்மாராவும் சௌக்கியமா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

கூண்டுக்குள்ள கையை நீட்டி, கொசுக்களுக்கு ரத்தம் கொடுக்கிறதுதான் இங்கே கொசுப் பண்ணையில என் வேலை. பயப்படாதீங்க. இந்தக் கொசுக்களுக்குள்ள இருக்கிற ஒரு கிருமி டெங்குவைப் பரவ விடாது. அதனாலதான் வளர்த்து ஊருக்குள்ள விடுறோம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பக்கத்திலிருந்த ஒரு அம்மா ஒரு கொசுவை அடிக்கக் கை ஓங்கினாங்க. "அடிக்காதீங்க, அது எங்க கொசு!"ன்னு கத்திட்டேன். "ஏம்மா, சம்பளம் கொடுத்தா சுறாவையும் வளர்ப்பியா?"ன்னு அவங்க கேட்க, பாதிரியாரே சிரிச்சிட்டார்.

நம்ம தீவுக்கு இந்தக் கொசுவை எப்போ கொண்டுபோவீங்கன்னு மேலதிகாரியைக் கேட்டேன். "முதல்ல நகரம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்"னுட்டார். போன மழையில லெய்மாரா காய்ச்சல்ல கிடந்தப்போ நான் இங்கே யார் ஊரையோ காப்பாத்திக்கிட்டு இருந்தேன்.

கப்பல்ல கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புங்க, கை அரிக்குது. வாசல்ல கிடக்கிற சிரட்டையெல்லாம் கவிழ்த்துப் போடுங்க. குழந்தையைப் பகல்லயும் கொசுவலைக்குள்ளயே தூங்க வைங்க.

வேன் வந்து ஹாரன் அடிக்குது. இப்போ நல்லாப் பேசுறாளாமே? அம்மா எங்கேன்னு கேட்டா, வேலைக்குப் போயிருக்கான்னு மட்டும் சொல்லுங்க. உனக்குப் பால் மறக்கடிச்சிட்டுப் போனவ, அங்கே கொசுவுக்குப் பசியாத்துறான்னு சொல்லிடாதீங்க.

லெய்செல்