தலையோடு போன காட்டு வள்ளி

அண்ணா,

தலைநகர் யாவுண்டேயில் இருந்து நீ எதைப் போட்டாலும் முதல் ஆளாக லைக் போடுகிறவள் நான். கடைசியாக நீ போட்ட படத்துக்கு மட்டும் போடவில்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டையில் ஒட்டிய காய்ந்த காட்டு வள்ளிக் கொடி, பக்கத்தில் கிழங்கின் தலை, அதைச் சுற்றி முள்வேர். இரண்டு வருடமாக போனில் படித்துப் படித்து, "இது தெரிஞ்ச எந்த இனத்துலயும் சேரலண்ணா" என்று உனக்கு எழுதினேனே, அது சரிதான்; அட்டையில் 'புதிய இனம்' என்று எழுதியிருக்கிறது. கண்டெடுத்தவர் என்று உன் பெயர் இருக்கிறது. அது போகட்டும்.

மழைக்கு முன் வந்து தோண்டியபோது தலையையும் ஏன் எடுத்தாய்? அது காட்டில் அம்மா முதலில் கண்ட கொடி, அதனால் அம்மாவுடையது. கிழங்கை மட்டும் வெட்டிக்கொண்டு, தலையைக் கொடியோடு குழியில் விட்டு மண் மூடினால்தான் மழையில் மறுபடி துளிர்க்கும் என்று உனக்குத் தெரியாதா? முள்வேர் பார்க்காமல் இனம் பிரிக்க முடியாது என்று உன் பேராசிரியர் கேட்டிருப்பார். ஒரு வேரை நறுக்கிக் கொடுத்திருக்கலாம்.

மழை தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. அம்மா தினமும் குழியைப் பார்த்துவிட்டு வருகிறாள். நேற்று சித்தி சீண்டினாள்:

"உம் மவன் டவுன்காரன்க்கா, தலையையும் சேத்துத் தின்னுருப்பான்."

"போடி. எம் புள்ள தலைய வெக்காம வருவானா? எலிதான் கடிச்சிருக்கும்."

இன்று காலையில் குழியருகே எலிக்குக் கண்ணி வைத்தாள்.

படம் என் போனில்தான் இருக்கிறது. காட்டினால் கண்ணியை எடுத்துவிடுவாள். அதன் பிறகு உன் பேச்சையே எடுக்க மாட்டாள். நீயே வந்து சொல்.

உன் தங்கை