கியர் மாற்றியதே தெரியவில்லையாம்

சார்ஜா
ஆகஸ்ட் 2006

அன்பு சுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். அங்கே அம்மா சுகமா? அத்தாவுக்குக் கால்வீக்கம் வடிந்ததா?

முதலாளி பந்தயக் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். கியர் போட்டு ஓட்டுகிற வண்டி. அவருக்கு அது பழக்கமில்லை, அதனால் என்னை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். சிவகாசியில் பட்டாசு லோடு ஓட்டிய ஆள் நான். இன்ஜின் சத்தம் இறங்கி அடுத்த கியருக்குப் பொருந்துகிறவரை கிளட்சை விடமாட்டேன். எத்தனை வேகத்திலும் வண்டி குலுங்காது.

செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. "இக்பால் கார்ல அத்தாவ சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம் மச்சான். கியர் மாத்துனதே தெரியல" என்று எழுதியிருந்தாய். அன்று சாயங்காலம் மூன்றாவது கியர் போடும்போது கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டேன். முதலாளி சட்டையெல்லாம் டீ. அவர் சிரித்துவிட்டார், நீ பயப்படாதே.

இக்பாலுக்கு வெம்பக்கோட்டை ரோட்டில் கியர் போடச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அதை அவன் சொன்னானா?

இனி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போங்கள். குலுங்கினால் குலுங்கட்டும். அத்தாவுக்கு முடியவில்லை என்றால் அவனையே கூப்பிடு, ஆனால் நீ பின்சீட்டில் உட்கார்.

வருகிற ஆள் யாரிடமாவது கொஞ்சம் இடித்த மிளகாய்த்தூள் கொடுத்துவிடு.

இன்னொன்று. போன கடிதம்வரை 'இக்பால் அண்ணன்' என்றுதான் எழுதினாய். இந்தத் தடவை அண்ணனைக் காணோம். மறக்காமல் சேர்த்து எழுது.

முதலாளி கூப்பிடுகிறார்.

உன் மச்சான்,
சாபிர்