மாடியில் பூத்த தீவுச் செடி

12-3-82
பேத்தி செல்லக்கிளி கப்பலிலும் ரயிலிலும் சுமந்து வந்த செடி இன்னொரு இலை விட்டிருக்கிறது. அந்தமானுக்கும் அப்பால் ஒரே ஒரு தீவில்தான் இது முளைக்குமாம். கோயம்புத்தூரில் அவள் வேலை பார்க்கிற செடிகொடி ஆராய்ச்சி ஆபீசில் வைத்த நாற்றெல்லாம் பட்டுப்போக, திருநகரில் நம் மாடியில் மட்டும் தழைக்கிறது. அஞ்சாப்பு படித்த என் கை! மருமகள் ஜெயக்கொடியிடம் சொன்னேன். "ஆமா அத்தை, ஊருக்கே தெரியும்" என்றாள். குத்தலோ என்னவோ.

9-6-82
தீவில் அந்தச் செடி நின்ற மேட்டைப் புயலில் கடல் அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். மகன் சொன்னான். அப்படியென்றால் இனி இது ஒன்றுதானா? மாடிக்குப் போய் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தேன்.

7-8-82
இரண்டு மொட்டு. கிளிக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன்.

11-8-82
வந்துவிட்டாள். மொட்டைப் பார்த்து அழுதாள். நாளைக் காலையில் விரியுமாம். ஒரு பூவின் பொடியை மற்றதில் தூரிகையால் தடவினால்தான் விதை பிடிக்குமாம். அதைச் செய்கிற பூச்சி அங்கேதான் உண்டாம், இங்கே இல்லை.

12-8-82
விரிந்தது. வெள்ளை, நடுவில் ஊதா. பார்த்து முடிக்கவில்லை, கிளி வீட்டுக்குத் தூரம் என்று ஜெயக்கொடி வந்து சொல்கிறாள். தூரமானவள் தொட்டால் கறிவேப்பிலையே பட்டுப்போகும். இதுவோ ஒற்றைச் செடி. மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"அப்பத்தா, இன்னைக்கு ஒரு நாளுதான். பொழுது சாஞ்சா உதிர்ந்துரும்."

"மூணு நாள் கழிச்சுத் தலைக்கு ஊத்திட்டுப் போ."

"அப்ப நீங்களாச்சும் தடவி விடுங்க."

"பூவுக்கும் பூவுக்கும் தரகு பாக்கவா என்னையப் பெத்தாக?"

ஜெயக்கொடி சிரித்தாள். கிளி சிரிக்கவில்லை. சாயங்காலம் வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

செடியக் காப்பாத்தத்தானே செஞ்சேன்?

13-8-82
இரண்டும் உதிர்ந்து கிடந்தன. கிளி சாப்பிடாமல் ரயிலேறிவிட்டாள்.

21-11-82
அடித்தண்டு கறுத்துவிட்டது. சாணிக் கரைசல் ஊற்றினேன், நிழல் கட்டினேன். வேறு யாருந் தொடலையே. நான் மட்டுந்தானே தொட்டேன் —

5-12-82
பட்டுவிட்டது.

16-1-83
கிளி வந்தாள். காய்ந்ததைப் பழைய பேப்பருக்குள் பரப்பி ஆபீசில் அடையாளத்துக்கு வைக்க எடுத்துப்போக வேண்டுமாம். இளைத்திருக்கிறாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னைக்கும் தூரம்தான் அப்பத்தா. நீங்களே எடுத்துத் தர்றீகளா?" என்றாள்.

நீயே போய் எடு என்றேன். மாடிக் கதவு திறந்துதான் கிடந்தது.