மேடையில் இல்லாத பியானோ

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருந்தால் எங்களுக்கு வேறென்ன வேண்டும். என் இருமல் விட்டுவிட்டது, மாடிக் குழாய்தான் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளை நாளை என்று இழுத்தடிக்கிறார். நீ வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே, போனில் உன் குரலே இளைத்திருக்கிறது.

அம்மாவின் பாராட்டு விழாவைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னாய். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்க மறுத்ததிலிருந்து அவள் பியானோவைத் திறக்கவே இல்லை என்பது உனக்குத் தெரியும். இனி வாசிப்பாளோ மாட்டாளோ என்ற கவலை என்னை அரித்துக்கொண்டே இருந்தது, வாய்விட்டுக் கேட்கவும் பயம். யாரும் தன்னை வாசிக்கச் சொல்லக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடுதான் விழாவுக்குச் சம்மதித்தாள். உன் அப்பா சும்மா இருப்பேனா? முந்திரிக்கொட்டை மாதிரி மண்டப மேலாளரிடம் போய், மேடையில் பியானோ கண்ணில் பட்டால்தானே கேட்பார்கள், அதை உள்ளே தள்ளிவிடுங்கள் என்றேன். அவரும் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பூந்தொட்டிகளை அடுக்கிவிட்டார்.

மண்டபம் கொள்ளாத கூட்டம். சின்ன வயதில் வானொலியில் அவள் வாசிப்பைக் கேட்டவர்கள் பேரன் பேத்திகளோடு வந்திருந்தார்கள். ஆண்டுதோறும் ஒரு கச்சேரி வசூலை அப்படியே குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்து அவள் ஒரு வார்டையே எழுப்பிய கதையைத் தலைமை மருத்துவர் சொன்னார். அந்த வார்டில் பிழைத்து இப்போது பஸ் ஓட்டுகிற ஒருவர், மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச வராமல் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன், அவ்வளவு பெருமையாக இருந்தது. அம்மா பதில் சொல்ல எழுந்தாள். கண் நேராகப் பூந்தொட்டிகள் இருந்த இடத்துக்குப் போனது. நன்றி என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியில் உம்மென்று வந்தாள். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். “என்னை வாசிக்கச் சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னேன். பியானோவைத் தூக்கச் சொன்னேனா? அது அங்க இருந்து, எல்லாரும் கேட்டு, நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா அது வேற.” எனக்குச் சுருக்கென்றது. பாராட்டுகிறேன் என்று அவளை வாசிப்பிலிருந்தே வழியனுப்பி வைத்துவிட்டேனே என்று நொந்துபோனேன்.

வந்த பூங்கொத்துகளை நர்சுகளுக்குக் கொடுக்கலாம் என்று அந்தக் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகச் சொன்னாள். அங்கே காத்திருப்போர் கூடத்தில் அவள் கொடுத்த பழைய பியானோ இருக்கிறதல்லவா, அதில் காலில் மாவுக்கட்டோடு ஒரு குட்டிப்பெண் தொம் தொம் என்று குத்திக்கொண்டிருந்தாள். உன் அம்மா யாரென்றே அதற்குத் தெரியாது. நகரவும் மாட்டேன் என்றது, இது என் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம் உட்காருங்கள் என்று உத்தரவு வேறு. ஒரு மண்டபமே எழுந்து நின்று கைதட்டிப் பாராட்டிய உன் அம்மா, வலது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து ஒற்றைக் கையால் ஒரு பாட்டை எடுத்தாள். அந்த வாண்டு தன் பாட்டுக்குக் குத்தியது. தாளமாவது ஒன்றாவது! அம்மா வாய்விட்டுச் சிரித்தாள், வாலு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு பியானோவைத் திறந்தாள். அங்கேயும் வலது ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். நடுவில் வசதியாக உட்காரேன் என்றேன். “இருக்கட்டும். அந்தப் பக்கம் அவளுக்கு” என்றாள். எவளுக்கு என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூட நாட்களில் நீ அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து வாசித்த இடம்தானே அது, நகம் வளர்ந்திருந்தால் கட்டையைத் தொடவே விடமாட்டாளே. இப்போது தினமும் வாசிக்கிறாள், வீட்டில் பாதிப் பாட்டுதான் கேட்கிறது.

லீவு கிடைத்ததும் கிளம்பி வா. நீங்கள் இருவரும் மனநிறைவோடு நீண்ட காலம் வாழ எங்கள் ஆசி என்றும் உண்டு. அம்மா எழுதச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வரும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் முந்திரிக்கொட்டை அப்பா