நீ தேய்த்த கண்ணாடி

அம்மாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னித்துவிடு. நேரில் பேச வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஏரி நீர்த் தொட்டியில் நான் பாசி வளர்த்திருந்த கண்ணாடித் தகடுகளை, எங்கள் ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் நீ, அழுக்கென்று நினைத்துப் பளபளவென்று தேய்த்து வைத்தாய். "ரெண்டு மாசப் பாசியைத் தேய்ச்ச புண்ணியவதி யாரு?" என்று பேராசிரியர் கத்தினார். "எங்க வீட்டுல முதல் டிகிரி இவதான்" என்று பஸ்ஸில்கூடச் சொல்பவள் நீ. நானோ, இவள் என் அம்மா என்று சொல்லாமல் நின்றேன். மறுநாளே நீ வேறு மாடி கேட்டுப் போய்விட்டாய்.

நீ தேய்த்த அந்தத் தகடுகளை மறுபடி ஏரி நீர்த் தொட்டியில் இறக்கி, தினமும் பார்த்தேன். வெறும் கண்ணாடியில் முதலில் பாக்டீரியா ஒட்டியது. அதன்மேல் பாசி படர்ந்தது. பாசியை மேய நத்தைகள் ஏறி வந்தன. ஒன்பதே நாளில் ஓர் ஊரே குடியேறிவிட்டது, அம்மா!

"இதுதாம்மா உன் ஆய்வு" என்றார் அதே பேராசிரியர்.

"யாரு தேய்ச்சதுன்னு கேட்டீங்களே, எங்கம்மா சார்" என்றேன். என் குரல் எனக்கே கணீரென்று கேட்டது.

வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் அந்த ஆய்வைப் படிக்கிறேன். துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, முதல் வரிசையில் வந்து உட்காருவாயா?

உன் மகள்