மற்றக் கையில் எடுங்கள், டொக்டர்

அன்புள்ள மச்சான்,

கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பாலர் பாடசாலைப் பிள்ளைகளின் அம்மாமாருக்கு 'நாளைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துவிடவும்' என்று எழுதுவதோடு என் எழுத்து சரி. ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது. தங்கச்சியிடம் சொன்னால் அழுவாள், ஊரிடம் சொன்னால் சிரிக்கும். நீங்கள் இரண்டும் செய்ய மாட்டீர்கள், கேட்டுக்கொண்டு கிடப்பீர்கள். அதுதான் உங்களிடம் வருகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். தங்கச்சி நந்தினி இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை, அது உங்கள் வாய்தானே. உங்கள் ஓட்டோவை விற்க மனம் வராமல் முற்றத்தில் மூடி வைத்திருக்கிறோம். பின் ஆசனத்தில் ஒரு கோழி முட்டையிடுகிறது. நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கோழி எப்போதோ கறியாகியிருக்கும்.

சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். சொல்லிவிடுகிறேன். கழகம் இல்லை, மச்சான். பூட்டுத் திறப்பை வாங்கிவிட்டார்கள்.

நீங்கள் எங்கள் பெரியகல்லாற்று ஆளே இல்லை. கரடியனாற்றில் வயல் வட்டைக்குள் வரம்பு மிதித்து வளர்ந்து, என் தங்கச்சியைக் கட்டி, எங்கள் பக்கத்து வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. தோணியில் ஏறினால் தலை சுற்றுகிற மனிதன். அப்படிப்பட்டவர் வந்து கொஞ்ச நாளிலேயே மீனவர் சங்கத்தின் பழைய கட்டடத்தைக் கெஞ்சி வாங்கி, 'இளைஞர் கழகம்' என்று வாசலில் பலகை தொங்கவிட்டீர்கள். சம்பளமில்லாத வேலை, ஏச்சு மட்டும் தாராளம். "ஆருக்காக மச்சான் இந்தப் பாடு?" என்று நான் கேட்டது நினைவிருக்கிறதா?

"சும்மா இரிங்க மச்சாள். பின்னேரத்தில பொடியனுகளுக்குப் போக ஒரு இடம் வேணும். நாம குடுக்காட்டி அவனுகள் வேற இடம் தேடுவானுகள்" என்றீர்கள்.

வேறு இடம் என்றால் பாலத்தடி. அங்கே என்ன தூள் விற்கிறது என்று இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

உங்களுக்கு இரத்தப் பைத்தியம் வேறு. ஊரில் யாருக்குச் சத்திரசிகிச்சை என்றாலும், யாருக்குப் பிள்ளைப்பேற்றில் சிக்கல் என்றாலும், ஓட்டோ நிறையப் பொடியன்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்கள். "இவனுகள ஊர் காவாலி எண்டு சொல்லுது மச்சாள். ஆனா இவனுகள்ட இரத்தம் இந்த ஊர்ல எத்தின பேர்ட உடம்புக்குள்ள ஓடுது தெரியுமா?" என்பீர்கள். சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ நீங்களே பெற்ற பிள்ளைகள் மாதிரி.

கடைசியில் நீங்கள் என்ன செய்தீர்கள்? கரப்பந்து பார்த்துக்கொண்டிருந்த கதிரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் பொடியன்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். "எங்கட இரத்தம் எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்க" என்று தாதியிடம் சொன்னார்கள். ஒருவருடைய இரத்தமும் தேவைப்படவில்லை. உங்களுக்குக் கொடுக்க அவர்களிடம் இருந்த ஒரே சாமானை நீங்கள் வாங்கவில்லை, மச்சான். அந்தக் கடன் அவர்களுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

உங்கள் முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிந்த பின்னேரம் நிதுசன் வந்து கழகத் திறப்பை என் கையில் வைத்தான். அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய், அப்பா இருந்தும் இல்லாமல் வளர்கிற அந்தப் பொடியனேதான். பாலத்தடியில் நின்றவனைக் காதில் பிடித்து நீங்கள் கூட்டி வந்தீர்களே, அவன். "மச்சாளக்கா, இத நீங்க வைச்சிரிங்க. வேற ஆரும் வேணாம்" என்றான். நீங்கள் என்னை மச்சாள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர்களுக்கு நான் மச்சாளக்கா ஆகிவிட்டேன். அந்தப் பெயருக்கு மயங்கித்தான் தலைவியானேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டு செய்த வேலை இவ்வளவு பொல்லாதது என்று ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? கலியாணம் கட்டாதவள் வளர்ந்த பொடியன்களோடு என்ன கூட்டம் போடுகிறாள் என்று ஒரு கதை. ஒருத்தன் வீட்டுக்கு வரப் பிந்தினால் அவனுடைய தாய் என் கேற்றடியில் வந்து, "எங்க கா எங்கட புள்ள?" என்று கத்துவாள். அவன் பரீட்சையில் சித்தியடைந்தால் கோயிலுக்குத்தான் தேங்காய் உடைப்பாள், என் பக்கம் கிறுகியும் பார்க்க மாட்டாள். நல்லாக வேலை செய்கிறவன் எவனோ, அவனுக்குத்தான் கட்டாருக்கு விசா வரும். சில பின்னேரங்களில் ஒருத்தரும் வராமல் நான் தனியே கெரம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்து, பூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சந்தோசம் இல்லை என்று சொன்னால் பொய். பேச எழும்பினாலே அழுகிற, கழகத்துப் பொம்பிளைப் பிள்ளை டிலக்சிகா, விளையாட்டுப் போட்டியன்று ஒலிவாங்கியைப் பிடித்தவள் கடைசிவரை கீழே வைக்கவில்லை. ஒரு காலம்பற எங்கள் கேற்றில் ஒரு கோர்வை திரளி மீன் தொங்கியது. நிதுசன் வலைக்குப் போய்ப் பிடித்த முதல் மீன். அவனைக் கேட்டால், "எனக்குத் தெரியா, கொக்கு வைச்சிருக்கும்" என்றான். அந்த ஒரு கோர்வை மீனுக்காக இன்னும் ஒரு வருடம் ஏச்சு வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எவ்வளவு மலிவாக விலைபோனேன் பாருங்கள்.

உங்கள் திவசம் நெருங்கும்போது மீனவர் சங்கத் தலைவர் தம்பிராசா மாமா வந்தார். நீங்கள் போன பிறகு கழகத்தில் பொடியன்கள் சிகரட் குடிக்கிறார்கள், ஒரு நல்ல காரியமும் நடப்பதில்லை என்று சங்கத்தில் முறைப்பாடாம். "ஜெயத்திர திவசத்துக்குள்ள ஊர் பார்க்கிற மாதிரி ஒண்டு செய்து காட்டு புள்ள. இல்லாட்டித் திறப்பத் தா. என்ஜினும் வலையும் வைக்க இடமில்லாமக் கிடக்கு" என்றார்.

அன்றைக்கே நாங்கள் முடிவெடுத்தோம். உங்கள் நினைவாக இரத்ததான முகாம். ஆஸ்பத்திரி இரத்த வங்கிக்காரர்கள், நாற்பது பேராவது வருவதானால் வாறோம் என்றார்கள். பொடியன்கள் பாய்ந்து விழுந்து வேலை செய்தார்கள். பந்தல் போட்டார்கள், வீடு வீடாகப் போனார்கள். முந்தைய கிழமை தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டும் என்னைக் கண்டால் வாயை மூடிக்கொண்டும் திரிந்தார்கள். நான் நல்லதாகத்தான் நினைத்தேன். நல்லா நித்திரை கொள்ளுங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள், சாராயப் பக்கம் போகாதீர்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். மற்றதைச் சொல்ல யாருக்குத் தோன்றும், மச்சான்?

அன்று காலை உங்கள் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். எல்லோரும் முழுக்கைச் சட்டை. அவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண் கலங்கியது. முதல் ஆள் நிதுசன். இளம் பெண் வைத்தியர் ஒருவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். காய்ச்சல் இருந்ததா, மருந்து குடிக்கிறாயா. பிறகு, போதைப்பொருள் பாவிக்கிறாயா?

"இல்ல டொக்டர்!" என்றான், பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவன் சட்டைக் கையை மடித்தான்.

கையில் உங்கள் பெயர். 'ஜெயண்ணா' என்று முழங்கைக்குக் கீழே, பச்சை குத்தி, வீக்கம் வற்றாமல், மேலே மெல்லிய பொலித்தீன் சுற்றி. அவனுக்குப் பின்னால் நின்றவனும் மடித்தான். அவனுக்குப் பின்னால் நின்றவனும். அம்மாளே! வரிசை முழுக்க நீங்கள்தான் இருந்தீர்கள். கூலி வேலை செய்து சேர்த்து, கல்முனையில் ஒரு கடைக்குப் போய், திவசத்துக்கு எனக்குக் காட்டவென்று குத்தியிருக்கிறார்கள்.

வைத்தியர் பேனாவை மேசையில் வைத்தார். "தம்பி, இது புதுசு. பச்சை குத்தினா ஒரு வருசத்துக்கு இரத்தம் எடுக்க ஏலாது" என்றார், மெதுவாகத்தான்.

நிதுசனுக்கு விளங்கவில்லை. இடது கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையை நீட்டினான். "அப்ப மற்றக் கையில எடுங்க டொக்டர். அதில ஒண்டும் இல்ல."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், மச்சான், சிரித்துக்கொண்டே அழுதேன்.

பொம்பிளைப் பிள்ளைகளையும் விட்டு வைக்கவில்லை விதி. டிலக்சிகாவின் விரலில் குத்தி எடுத்த துளியைப் பார்த்துவிட்டு, "காலம்பற என்னம்மா சாப்பிட்டாய்?" என்று தாதி கேட்டார். "தேத்தண்ணி" என்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் தேத்தண்ணி. உடம்பில் இரத்தம் காணாதென்று அவர்களையும் திருப்பிவிட்டார்கள். சாமான் விலை ஏறிய நாளிலிருந்து எத்தனை வீட்டில் காலைச் சாப்பாடு தேத்தண்ணிதான் என்று அந்தத் துளிகள்தான் எனக்குச் சொல்லின. கடைசியில் நானும், தம்பிராசா மாமாவின் மகனும், வழியில் போன இன்னும் சிலரும் கொடுத்ததோடு பெட்டியை மூடினார்கள். "இவ்வளவு குறைவான ஆக்களுக்குத் திரும்பவும் வாறது கஷ்டம், குறை நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறினார்கள்.

நான் பொடியன்களை ஏசினேன். என் வாயில் என்னவெல்லாம் வந்தது என்று எழுத மாட்டேன். "மடையனுகளா, ஆருக்குக் காட்ட இந்தக் கோலம்? அழியுங்கடா!" என்றும் கத்தினேன்.

"அது அழியாதுக்கா" என்றான் நிதுசன். "அழியக் கூடாதெண்டுதான் குத்தினம்."

இதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நீங்கள் விழுந்து விழுந்து சிரித்து, அவனைக் கட்டிப்பிடித்து, வாங்கி வைத்த பிஸ்கட்டையெல்லாம் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்திருப்பீர்கள். எனக்கு அது வரவில்லை.

பின்னேரம் தம்பிராசா மாமா வந்தார். கெட்ட மனிதர் இல்லை, பாவம், நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "கோவிக்காத புள்ள. நீ பாடுபட்டது எனக்குத் தெரியும். ஆனா ஊருக்கு நான் என்னத்தக் காட்ட? இரத்தம் குடுக்கப் போய்ப் பச்சையக் காட்டிட்டு வந்தானுகள் எண்டு கடையெல்லாம் சிரிப்பு." நான் திறப்பைக் கொடுத்தேன். இப்போது அங்கே என்ஜினும் வலையும் கிடக்கின்றன. பலகையை மட்டும் நான் கழற்றி வந்து உங்கள் ஓட்டோவுக்குள் வைத்திருக்கிறேன்.

எங்கள் முற்றத்தில் கூடலாம் என்று பொடியன்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் கிழமை வந்தார்கள். வயது வந்த பொடியன்கள் எங்கள் வீட்டுக்கு வருவதை ஊர் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா? நந்தினியின் பெயரையும் இழுத்தார்கள். அவள் கேற்றைச் சாத்தினாள். அவளில் எனக்குக் கோபமில்லை.

நேற்று நிதுசனைக் கண்டேன். பாலத்தடியில், அந்த ஆட்களோடு. வாவியில் இருந்து ஒரு காற்றும் வராத வெயில், எல்லோரும் பெனியனோடு நிற்க, அவன் மட்டும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டி. பாதியாக மெலிந்திருந்தான். உங்கள் பெயருக்கு அந்த இடத்தைக் காட்ட அவனுக்கு விருப்பமில்லைப் போல.

"என்னடா இந்த வெயிலுக்க முழுக்கை? காயம் ஆறிட்டா?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ ஆறிட்டுக்கா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க போங்க. இஞ்ச நிக்காதீங்க."

நான் போய்விட்டேன், மச்சான். மறுகா என்ன செய்ய? அவன் கையைப் பிடித்து இழுக்க எனக்கு உங்கள் பலம் இல்லை. இழுத்தாலும், கொண்டுபோய் எங்கே உட்கார வைக்க?

எனக்கு நெஞ்சு வெடிக்கிற விஷயம் ஒன்றுதான். அன்றைக்கு டொக்டர் கேட்ட கேள்விக்கு அவன் பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்ன பதில் இருக்கிறதே, அது உண்மை. உங்கள் பாடு, என் பாடு, அவன் பட்ட பாடு எல்லாம் சேர்ந்த உண்மை. உண்மையோடு வந்து நின்ற பொடியனை உங்கள் பெயர் திருப்பி அனுப்பிவிட்டது. இன்னும் பத்து மாதத்தில் பச்சை பழசாகிவிடும், ஊசி குத்த யாரும் மறுக்க மாட்டார்கள். அப்போது அந்தக் கேள்வியைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

அவன் வருவான், கழகம் திரும்ப எழும்பும் என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நம்பிக்கை இல்லாததை எழுதி உங்களை ஏமாற்றி என்ன பலன்? ஆனால் ஒன்று செய்வேன். பாலர் பாடசாலையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பாலத்தடி சுற்றுவழி. இனி அந்தச் சுற்றுவழியாலேதான் வருவேன். அந்த ஆட்களுக்கு முன்னால் நின்று, "நிதுசன், வாடா, சாப்பிட வா" என்று தினமும் கூப்பிடுவேன். ஊர் என்னவும் பேசட்டும். அவன் கிறுகிப் பார்க்க மாட்டான், தெரியும். பார்க்காவிட்டாலும் கூப்பிடுவேன். அவன் கையில் உங்கள் பெயர் இருக்கும்வரை கூப்பிடுவேன், மச்சான். அதுதான் அழியாதாமே.

உங்கள் நந்தினியின் அக்கா,
பொடியன்களின் மச்சாளக்கா,
என்றைக்கும் உங்கள் மச்சாள்
சுபாசினி